விலா எலும்பை அழித்துக் கொடுத்தேன், டாக்டர்

கடிதம் எழுதியவருக்கு 25 வயது. ஃபேஷன் போட்டோகிராபர். மூத்த போட்டோகிராபர் ஒருவரிடம் மூன்று வருடம் லைட் தூக்கி, ஸ்டாண்ட் மடக்கி, பேட்டரி மாற்றி வேலை கற்றவர். ஒன்றரை வருடமாகத் தனியாக எடுக்கிறார். இப்போதுதான் நல்ல பெயர் வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு மாடலை மூன்று முறை படம் எடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு 19 வயது, இவரை அண்ணா என்று கூப்பிடுகிறவர். முதல் படப்பிடிப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஏழு மாதம். அதற்குள் ஆள் பாதியாகிவிட்டார் என்கிறார்.

மூன்றாவது முறை, பதினோராவது உடை மாற்றும்போது அந்தப் பெண் மயங்கி விழுந்திருக்கிறார். யாரோ இனிப்புப் பானம் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. எடுத்த படங்களில் முதுகிலும் மார்புக்கு மேலும் எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. "எலும்பு தெரியக் கூடாது, ஆனால் இடுப்பு இப்படியே இருக்கட்டும்" என்று உடை நிறுவனத்திலிருந்து சொன்னார்கள். இவர் இரண்டு இரவு உட்கார்ந்து, போட்டோஷாப்பில் விலா எலும்புகளை அழித்து, கைகளுக்குக் கொஞ்சம் சதை வைத்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பெண்ணும், "ரொம்ப ஆரோக்கியமா தெரியறேன், தேங்க்ஸ் அண்ணா" என்று செய்தி அனுப்பினார். "அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை டாக்டர்" என்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. அந்தப் பெண்ணுக்கு நோயா, இல்லை இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜமா? நான் அவரிடம் பேசலாமா, பேசினால் அவர் பிழைப்பு போய்விடுமா? ரீடச் செய்யாத அசல் படங்களைக் காட்டினால் அதிர்ந்துபோய்ச் சாப்பிட ஆரம்பிப்பாரா? நான் இந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டுமா? கடைசியாக, கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு இன்னொன்று. வீட்டில் எடுத்த குடும்பப் படத்தைத் திருத்தும்போது, யாரும் கேட்காமலேயே தன் அக்காவின் கைகளை மெலிதாக்கிவிட்டார். அக்கா அதைக் கண்டுபிடித்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். "என் கண் கெட்டுப்போய்விட்டதா?"

அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இனி என் பதில்.

அன்புள்ள தம்பி,

நான் மனநல மருத்துவர். உணவோடும் உடலோடும் போராடுகிறவர்களுக்குச் சிகிச்சை தருவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுவது பெரும்பாலும் அம்மாவாக இருக்கும், அல்லது கணவராக, விடுதித் தோழியாக இருக்கும். படம் எடுத்தவர் எழுதியது எனக்கு இதுதான் முதல் முறை. யோசித்துப் பார்த்தால் உங்களைவிடக் கூர்ந்து அந்த உடலைப் பார்த்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. வீட்டில் அவர் தொளதொள உடையில் இருப்பார். நீங்கள்தான் ஏழு மாத இடைவெளியில், அதே லைட்டில், அதே லென்ஸில் பார்த்திருக்கிறீர்கள். மருத்துவருக்குக்கூட அப்படி ஒரு ஒப்பீடு எளிதில் கிடைப்பதில்லை.

நோயா, சகஜமா?

கடிதத்தை வைத்து ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்ட எனக்கு உரிமை இல்லை. அவரைப் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் விவரங்கள், அவர் சீக்கிரம் ஒரு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்கின்றன. சுடும் விளக்குகளுக்குக் கீழேயும் போர்வை கேட்கிறார். விரல் நுனிகள் நீலம் பாரித்திருக்கின்றன. முதுகில் புதிதாகப் பூனைமுடி வளர்ந்திருப்பதாக மேக்கப் போடுகிற பெண் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மென்முடிக்கு மருத்துவத்தில் லானுகோ என்று பெயர். நெடுநாள் பட்டினியில் உடலில் தோன்றும் மாற்றங்களில் அதுவும் ஒன்று. கை கால் சில்லிடுவதும், எழுந்தால் கண் இருட்டுவதும், இதயம் மெதுவாகத் துடிப்பதும் உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்வதன் விளைவுகள். பல பெண்களுக்கு மாதவிடாயும் நின்றுபோகும். அது நீண்டால் எலும்பின் அடர்த்தி குறையும், அதுவும் எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில்.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். "எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார், சமையல் வீடியோ அனுப்புகிறார், எங்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுக்கிறார், அவர் மட்டும் தொடுவதில்லை. நடிக்கிறாரோ என்று தோன்றும்." இல்லை தம்பி, நடிப்பு இல்லை. 1944இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மனம் ஒப்பாத, உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. மனதில் நடந்ததுதான் விசேஷம். சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கனவிலும் சாப்பாடு. ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் அளைந்து சாப்பிட்டார்கள். எரிச்சல், குளிர், தனிமை, எதிலும் கவனம் நிற்காமை. அந்த இளைஞர்கள் யாரும் மாடல்கள் இல்லை, அழகைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் இல்லை. பட்டினியே மனதை இப்படி ஆக்கிவிடும்.

அதனால்தான் "மனசு வைத்தால் நிறுத்திவிடலாமே" என்ற உங்கள் வரியை நான் திருத்த வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் அது ஒரு முடிவாக இருந்திருக்கலாம். மாடல்களைத் தேர்வு செய்யும் ஒரு காஸ்டிங்கில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை போதும். ஆனால் எடை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன பிறகு பட்டினி தன்னைத் தானே நடத்திக்கொள்ளும். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி உடலை வாட்டும் இந்த நோய்க்கு அனோரெக்சியா என்று பெயர். அது வருவதில் பிறவியிலேயே அமைந்த இயல்புக்கும் பங்கு உண்டு. ஃபேஷன் பத்திரிகையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கும் அது வருகிறது. உங்கள் தொழில் செய்வது வேறு. மற்ற இடங்களில் எடை இப்படிக் குறைந்தால் யாராவது "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். உங்கள் இடத்தில் அதற்கு வேலை கொடுக்கிறார்கள், பாராட்டுகிறார்கள். நோயும் கூலியும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் ஒரு 19 வயதுப் பெண் எதைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்?

அதே சமயம், ஒல்லியாக இருக்கிற எல்லா மாடலையும் நோயாளியாகப் பார்க்க வேண்டாம். இயல்பிலேயே மெலிந்த, நன்றாகச் சாப்பிடுகிற, ஆரோக்கியமான பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எவ்வளவு ஒல்லி என்பதைவிட எவ்வளவு மாறினார், எவ்வளவு வேகத்தில் மாறினார் என்பதுதான் முக்கியம். 2006இல் மாட்ரிட் ஃபேஷன் வாரம், பி.எம்.ஐ. என்கிற, உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் எண் 18க்குக் கீழே இருப்பவர்கள் மேடை ஏறக் கூடாது என்று விதித்தது. 175 செ.மீ. உயரம் என்றால் சுமார் 55 கிலோ. நல்ல தொடக்கம்தான். ஆனால் வேகமாக எடை இழந்த ஒருவர் எண்ணளவில் சரியாக இருக்கும்போதே ஆபத்தில் இருக்கலாம். பிரான்ஸ் சட்டம் செய்தபோது ஒரே எண்ணை எல்லோருக்கும் வைக்காமல், மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்று முடிவு செய்தது. 2017இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

அந்த இருபது நிமிடம்

இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். மயங்கி விழுந்த ஒருவரை இருபது நிமிடத்தில் மறுபடி லைட்டுக்கு முன்னால் நிறுத்தியது பெரிய தவறு. அங்கே இருந்த எல்லோரின் தவறும்தான். பட்டினியில் இருக்கிறவருக்கு வரும் மயக்கம் சர்க்கரை குறைந்ததால் மட்டும் வருவதில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். வாந்தி எடுக்கிறவராகவோ பேதி மருந்து எடுக்கிறவராகவோ இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அது குறைந்தால் இதயத் துடிப்பு தாளம் தவறும், சில சமயம் நின்றே போகும். 2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ் மேடையில் நடந்து முடித்த சற்று நேரத்தில் இறந்தார். அவருக்கு 22 வயது. அதே வருடம் நவம்பரில் பிரேசில் மாடல் ஆனா கரோலினா ரெஸ்டன் 21 வயதில் இறந்தார். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்சியா ஒன்று. அந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை தயங்காமல் இருக்கச் சொல்கிறேன். மயக்கம், நெஞ்சு வலி, படபடப்பு, பேச்சில் குழப்பம், தரையில் குந்தி உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாத பலவீனம், சாவைப் பற்றிய பேச்சு, இவற்றில் எதைப் பார்த்தாலும் படப்பிடிப்பு அன்றைக்கு முடிந்தது. நேராக மருத்துவமனை. அவர் வேண்டாம் என்றாலும், அவருக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்சி கோபப்பட்டாலும் சரி.

இதோடு சேர்த்து இன்னொரு எச்சரிக்கை. பரிதாபப்பட்டு அவரை உட்கார வைத்து வயிறு முட்டச் சாப்பிடச் செய்ய வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் இதைப் பார்த்தார்கள். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அசல் படங்களைக் காட்டலாமா?

வேண்டாம். உங்கள் எண்ணம் நல்லது, ஒரு போட்டோகிராபருக்கு இயல்பாக வரக்கூடியதும்கூட. படத்துக்குப் பலம் உண்டு என்று நம்பித்தானே இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள்? ஆனால் அந்தப் பெண் உங்கள் கண்ணால் அந்தப் படத்தைப் பார்க்க மாட்டார். நீங்கள் விலா எலும்பைப் பார்ப்பீர்கள். அவர் தொடையைப் பார்ப்பார். இந்த நோயில் தன் உடலைத் தானே பார்க்கும் விதம் வளைந்துபோயிருக்கும். சிலருக்கு அந்த எலும்பு ஒரு வெற்றியாகவே தெரியும், அதைக் காப்பாற்ற இன்னும் பாடுபடுவார்கள்.

இது முன்பே பெரிய அளவில் நடந்து பார்த்த விஷயம். 2007 செப்டம்பரில், மிலான் ஃபேஷன் வாரம் நடக்கும்போது, இத்தாலியில் ஒரு விளம்பரப் பலகை எழுந்தது. இசபெல் காரோ என்ற பிரெஞ்சுப் பெண், அனோரெக்சியாவால் எலும்பும் தோலுமாக, ஆடையில்லாமல். எடுத்தவர் புகழ்பெற்ற ஒலிவியேரோ தோஸ்கானி. மேலே "அனோரெக்சியா வேண்டாம்" என்ற வாசகம். உலகமே அதைப் பார்த்தது. ஆனால் இந்த நோயோடு வாழ்கிறவர்களுக்காக வேலை செய்தவர்கள் பலர் கவலைப்பட்டார்கள். நோயில் இருப்பவர்களுக்கு அந்தப் படம் எச்சரிக்கையாக இல்லாமல் ஓர் இலக்காகத் தெரியலாம் என்றார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது. இசபெல் காரோ துணிச்சலான பெண், தன் கதையைச் சொல்லியே மற்றவர்களைக் காப்பாற்ற நினைத்தவர். 2010 நவம்பரில் 28 வயதில் இறந்துபோனார்.

முகத்தை மறைத்துவிட்டு அந்தப் படங்களை விழிப்புணர்வுக்காக வெளியிடலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அவர் உங்கள் முன் நின்றது உடைக்காக. அவர் சம்மதமில்லாமல் அந்த உடலை வேறு எதற்கும் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. முகம் இல்லாவிட்டாலும் அந்தத் துறையில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எப்படிப் பேசுவது?

பேசுங்கள். பேசினால் நிலைமை மோசமாகிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். கனிவாகப் பேசியதால் யாருக்கும் இந்த நோய் முற்றியதாக நான் பார்த்ததில்லை. யாரும் பேசாததால் வருடக்கணக்கில் முற்றிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படப்பிடிப்பு நாளில் வேண்டாம், மேக்கப் அறையில் வேண்டாம், சாப்பாட்டு வேளையில் வேண்டவே வேண்டாம். வேறொரு நாள், தனியாக, அவசரமில்லாத நேரத்தில் பேசுங்கள். உடம்பைப் பற்றிப் பேசாமல் உங்கள் கவலையைப் பற்றிப் பேசுங்கள். "அன்னைக்கு நீ விழுந்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்லை. உனக்கு எப்பவும் குளிருது, களைப்பா இருக்க. ஒரு டாக்டரைப் பார்த்தா எனக்கு நிம்மதியா இருக்கும். நான் வேணா கூட வர்றேன்." இவ்வளவு போதும். "ரொம்ப ஒல்லியாயிட்ட" என்று சொல்லாதீர்கள், அது அவர் காதில் பாராட்டாக விழும். பின்னால் எப்போதாவது தேறி வந்தால் "இப்போ நல்லா பூசினாப்ல இருக்க" என்றும் சொல்லாதீர்கள், அது இடியாக விழும்.

இங்கே அந்தச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. "ஆரோக்கியமா தெரியறேன்" என்று அவர் எழுதியதை நீங்கள் நன்றியாகவே எடுத்துக்கொண்டு குற்றவுணர்வில் வெந்துகொண்டிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பலருக்கு "ஆரோக்கியமாக இருக்கிறாய்" என்றால் "குண்டாகிவிட்டாய்" என்று அர்த்தம். அவர் நன்றி சொன்னாரா, பயந்துபோய் எழுதினாரா என்பது அந்த வரியை வைத்து நமக்குத் தெரியாது. அதை ஆயிரம் முறை திரும்பப் படிப்பதைவிட ஒரு முறை அவரிடம் பேசுவது மேல்.

முதல் தடவை மறுப்பார். "எனக்கு ஒண்ணுமில்லை அண்ணா" என்பார், கோபப்படவும் செய்வார். வாதாடாதீர்கள். "சரி. எப்போ வேணும்னாலும் கூப்பிடு" என்று முடித்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணுகிற காவல்காரராக மாறாதீர்கள். வீட்டில் அவர் யாரை நம்புகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அவருடைய சம்மதத்தோடு அவர்களிடம் பேசலாம். ஏஜென்சிக்கு முதலில் போக வேண்டாம் என்பதே என் யோசனை. நல்ல ஏஜென்சியாக இருந்தால் ஓய்வும் மருத்துவமும் ஏற்பாடு செய்வார்கள். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிடுவார்கள், இவர் இன்னும் தனியாகிவிடுவார். அந்த ஏஜென்சி எப்படிப்பட்டது என்று அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். அவரிடமே கேளுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. 18 வயது நிறையாதவராக இருந்திருந்தால் அவர் சம்மதத்துக்குக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பெற்றோருக்கு அன்றே தெரிய வேண்டும்.

பிழைப்பு போய்விடுமே என்கிறீர்கள். சிகிச்சைக்காகச் சில மாதம் வேலை நிற்கலாம், உண்மைதான். ஆனால் நீங்கள் பேசாமல் இருந்தால் அவர் தொடர்ந்து வேலை செய்வார் என்று எப்படி நினைத்தீர்கள்? பதினோராவது உடையில் விழுந்தவர், இப்படியே போனால் அடுத்த முறை ஐந்தாவதில் விழுவார். இதில் நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. அனோரெக்சியா வந்தவர்களை 22 வருடம் வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் ஐந்தில் மூன்று பேருக்கு மேல் குணமாகியிருந்தார்கள். ஒன்பதாவது வருடத்தில் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மெதுவாகக் குணமாகிற நோய் இது, ஆனால் குணமாகிறது. சீக்கிரம் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

உங்கள் கையில் இருப்பவை

மாடலிங் உலகத்தையே உங்களால் திருத்த முடியாது. ஆனால் உங்கள் செட்டில் உங்கள் பேச்சு எடுபடும்.

கேமராவோடு இணைத்த மானிட்டரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது என் மனதைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு ஷாட்டும் திரையில் விழுந்ததும் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று, "வயிறு", "கை", "தாடை" என்று பேசுவார்கள், நாலடி தள்ளி அந்தப் பெண் நின்றுகொண்டிருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளில் நூறு முறை தன் உடல் துண்டு துண்டாகப் பேசப்படுவதைக் கேட்டபடி சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் திரையைத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள். மாடலிடம் எது சொல்வதானாலும் உங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். வேலை சுலபமாக நடக்க என்று சொன்னால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

அடுத்தது சாம்பிள் உடை. படப்பிடிப்புக்கு முன்பே ஒரே அளவில் தைத்து வந்துவிடுகிறது, அதற்குள் உடலை நுழைக்க வேண்டியிருக்கிறது. உடைக்கு ஆளைத் தேடுகிற இந்தத் தலைகீழ் வழக்கம்தான் பாதிக் கொடுமைக்கு வேர் என்று நினைக்கிறேன். ஆனால் உடை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்து எடுப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு அளவு பெரிய சாம்பிளும் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரியதைக் கிளிப்பால் பிடிக்கலாம், சின்னதை என்ன செய்ய முடியும்? 2017 செப்டம்பரில் எல்.வி.எம்.ஹெச்., கெரிங் என்ற இரண்டு பெரிய ஆடம்பரப் பொருள் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு சாசனம் வெளியிட்டன. பெண்களுக்கான மிகச் சிறிய பிரெஞ்சு 32ஆம் அளவைக் காஸ்டிங்கிலிருந்து எடுத்துவிட்டன. பெரியவர்களின் உடைக்கு 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களை மாடலாக வைப்பதில்லை என்றும் அறிவித்தன. அவர்களால் முடிந்தது என்று நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

உணவு இடைவேளையை அன்றைய அட்டவணையில் நேரம் போட்டே எழுதுங்கள். எல்லோருக்கும், ஒரே நேரத்தில். யார் என்ன சாப்பிட்டார் என்று யாரும் பேசக் கூடாது.

இனி ரீடச். "மெலிதாக்கினால்தானே தப்பு, நான் சதைதானே வைத்தேன், அது நல்லதுதானே" என்று ஒரு வரி எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அடித்ததே சரி. பிரான்ஸில் 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலைத் திருத்தியிருந்தால் "திருத்தப்பட்ட படம்" என்று குறிப்பிட வேண்டும். மெலிதாக்கினாலும் சரி, பருமனாக்கினாலும் சரி. அதே நாளிலிருந்து, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் தன் விளம்பர உபயோகப் படங்களில் உடல் வடிவத்தை இப்படி மாற்றியவற்றை ஏற்பதில்லை என்று அறிவித்தது. நார்வே 2022 ஜூலையில் இதேபோல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பருமனாக்குவதையும் ஏன் சேர்த்தார்கள்? நீங்கள் செய்ததைப் பார்த்தாலே புரியும். இடுப்பை அப்படியே விட்டு எலும்பை மட்டும் அழித்தீர்கள். பட்டினியால் மட்டுமே வரக்கூடிய இடுப்பும் பட்டினியில் இருக்கவே முடியாத தோலும் ஒரே உடலில் சேர்ந்தன. அப்படி ஒரு பெண் உலகத்தில் எங்கும் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கிற 14 வயதுச் சிறுமி, இவ்வளவு மெலிந்தும் இவ்வளவு பொலிவாக இருக்கலாம் என்று நம்புவாள். எலும்பு தெரிந்திருந்தால் ஒரு கணமாவது தயங்கியிருப்பாள்.

அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: தோல், முடி, துணி, பின்னணி திருத்தப்படும், உடலின் வடிவம் மாற்றப்படாது. சில வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் தம்பி, அதை மறைக்க மாட்டேன். தொழில் ஆரம்பத்தில் அது வலிக்கும். எல்லோரிடமும் ஒரே நாளில் பிரகடனம் செய்ய வேண்டியதில்லை. உங்களோடு நல்ல பழக்கம் உள்ள ஒருவரிடம் தொடங்குங்கள். ஆனால் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். எலும்பை அழிக்கச் சொல்கிற அளவுக்கு ஒரு மாடல் மெலிந்திருந்தால், அழிக்கும் வேலையை ஏற்பதற்கு முன்னால் அவர் உடல்நிலை என்ன என்று கேளுங்கள்.

உங்கள் கண்

கெட்டுப்போகவில்லை. பழகிவிட்டது. மிக மெலிந்த உருவங்களைத் தொடர்ந்து சில நிமிடம் பார்க்க வைத்தாலே, அதன் பிறகு சாதாரண உருவங்கள் பருமனாகத் தோன்றுகின்றன என்று பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் நாலரை வருடமாக, நாளுக்குப் பத்து மணிநேரம் பார்க்கிறீர்கள். அக்காவின் கை உங்களுக்குத் தவறாகத் தெரிந்ததற்கும் அக்காவின் கைக்கும் சம்பந்தம் இல்லை. பழகிய கண் திரும்பவும் மாறும். வாரத்தில் ஒரு நாளாவது கூலிக்கு இல்லாமல் படம் எடுங்கள். எல்லா வயதிலும் எல்லா உருவத்திலும் இருப்பவர்களை எடுங்கள், ஒன்றையும் திருத்தாமல் வையுங்கள். தொழிலை விடுவதா என்ற முடிவைத் தூக்கமில்லாத இந்த வாரங்களில் எடுக்க வேண்டாம். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் நீங்களும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், தள்ளிப்போடாதீர்கள்.

அக்காவிடம் மட்டும் இன்றைக்கே போங்கள். அந்தக் குடும்பப் படத்தின் அசல் கோப்பு உங்களிடம் இருக்கும். கை வைக்காமல் அப்படியே பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், "நான் திருத்தினது தப்பு அக்கா" என்று சொன்னால் போதும்.